ஒரு டீக்கு ஐம்பது நாள் வெயில்

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, ஒரு நாள்கூட வெயிலைத் திட்டாத மனிதர் இதுவரை ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். எங்கள் பக்கத்துக் குழந்தைகள் 'அம்மா' என்று சொல்வதற்கு முன்னால் 'உஸ்ஸ்' என்று சொல்லப் பழகிவிடும். விருந்தாளியை 'வாங்க' என்று கேட்டதும் அடுத்த வாக்கியம் 'என்னா வெயிலு' என்பதுதான். அப்படிப்பட்ட சீமையில், சித்திரை மாத உச்சிப் பொழுதில், சட்டைப் பொத்தானைக்கூடத் தளர்த்தாமல் வானத்தை அண்ணாந்து பார்த்து, "எம்புட்டு வெயில் வீணாப் போகுது பாத்தீகளா" என்று நிஜமாகவே வருத்தப்பட்டவர் அவர். சோறு வீணாகிறதே என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் வீணாகிறதே என்று குழாயடியில் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வெயிலுக்காக வாய்விட்டு 'ச்சு' கொட்டியவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

விருதுநகரில் வெயிலுகந்தம்மன் என்று ஓர் அம்மன் இருக்கிறாள். வெயிலை உகந்து ஏற்றுக்கொண்டவள். அம்மனுக்கு அடுத்தபடியாக அந்தக் காரியத்தைச் செய்த ஆள் இவர்தான் என்பதால் 'வெயிலுகந்தார்' என்று நான்தான் அவருக்குப் பெயர் வைத்தேன். பெயர் வைப்பதுதான் அப்போது என் உத்தியோகம். நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புது ஐட்டங்களுக்குப் பெயர் யோசித்து, பெட்டியின் மேல் அச்சடிக்கிற லேபிளுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பேன்; அதனால் கம்பெனியில் எனக்கு 'லேபிள் சார்' என்று பெயர். பனை மர உயரம் போகிற ராக்கெட்டுக்கு 'நிலாவைத் தொடும்' என்று எழுதியவன் நான். பொய் சொல்வதற்கு மாதச் சம்பளம் வாங்கிய பொற்காலம் அது.

வெயிலுகந்தார் எங்கள் கம்பெனிக்குக் கெமிஸ்டாக வந்தார். பட்டாசில் புகை குறைய வேண்டும் என்று சட்டம் நெருக்க ஆரம்பித்த சமயம். பொண்ணு பார்ப்பதுபோல ஆளாளுக்கு ஒரு கெமிஸ்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவர் காரியாபட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், வேதியியல் படித்துவிட்டு ஆராய்ச்சியில் சேர்ந்து, வீட்டுச் சூழ்நிலையால் அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். வந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டைப் பொடியையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டையும் உள்ளே போகாது.

அந்தக் கையெழுத்தின் அருமை சீக்கிரமே தெரிந்தது. சீசன் உச்சத்தில் ஒரு லோடு அலுமினியப் பொடியில் ஈரம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, லாரிக்காரர் கெஞ்சுகிறார், மானேஜர் காலில் விழாத குறை. இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஈரம் இருந்தால் ஈரம் என்றுதானே எழுத முடியும் என்று கேட்டார். ஈரப்பட்ட அலுமினியப் பொடி தானாகச் சூடேறி, புஸ்புஸ்ஸென்று குமிழி விட்டு, அப்புறம் என்ன செய்யும் என்பதைப் பட்டாசு ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'நனைஞ்ச மருந்துல குமிழி வந்தா நிக்காத, ஓடு' என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. மருந்து என்றால் நாங்கள் பட்டாசுக்குள் போடுகிற பொடியைச் சொல்கிறோம். இந்தக் குமிழி விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னை வேப்ப மரத்தடியில் பிடித்து உட்கார வைத்தார். நானோ என்று ஒரு சமாச்சாரம் என்று ஆரம்பித்தார். ஒரு தலைமுடியை நெடுக்காக லட்சம் கீற்றாகக் கீறினால் ஒரு கீற்று என்ன தடிமன் இருக்குமோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்குப் பொடியை மெலிதாக்க வேண்டுமாம். அந்தப் பொடியைத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால், அது வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீரைப் பிரிக்கும். பிரிந்து வருகிற ஹைட்ரஜன் வாயுவைப் பற்றவைத்தால் எரியும். புகை கிடையாது, கரி கிடையாது, எரிந்து முடிந்ததும் மறுபடி தண்ணீராகவே ஆகிவிடும். இதில் பொடி செலவாவதே இல்லை, நடுவில் நின்று காரியத்தை முடித்துக் கொடுப்பதோடு சரி.

"கல்யாணத் தரகர் மாதிரி லேபிள் சார். அவரு சேர்த்து வைப்பாரு, இது பிரிச்சு வைக்கும். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த போர்மேன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பொடியை எத்தனாம் நம்பர் சல்லடையில் சலிப்பீர்கள் என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். வெயிலுகந்தார் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு மூன்று நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தார்.

பொடியை யூரியாவிலிருந்தே செய்யலாம் என்பது அவர் ஆராய்ச்சியில் படித்துக்கொண்ட வித்தை. காரியாபட்டிக்குப் போய் அண்ணனிடம் ஒரு மூட்டை யூரியா கேட்டார். எந்தப் பயிருக்கு என்று அண்ணன் கேட்க, வெயிலுக்கு என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அன்று அவருடைய மதினி, கொழுந்தனுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடிந்துவைத்த காசு இன்னும் உத்தரத்தில் தொங்குகிறது. யூரியாவை மண்சட்டிகளில் போட்டு, வாய்க்கு மூடி போட்டு, செங்கல் சூளையில் வேகவைத்தார். யூரியா வெந்த நெடியில் அன்று அந்தச் சூளையில் வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் இழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். ஒரு மூட்டை வெந்து, கடைசியில் மஞ்சள் நிறத்தில் இரண்டு ஊறுகாய் பாட்டில் பொடி மிஞ்சியது.

அதில் துளியூண்டு பிளாட்டினம் சேர்த்தால்தான் வேலை வேகமாக நடக்கும் என்று நகைக்கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், அது என் தலையெழுத்து. இருக்கிறதிலேயே சின்ன மோதிரமாகக் கொடுங்கள் என்று கேட்டார். கடைக்காரர் முகம் மலர்ந்து, பெண் எந்த ஊர் என்று விசாரித்தார். மோதிரம் பெண்ணுக்கு இல்லை, தண்ணீருக்கு என்றார் இவர். கடைக்காரர் அதற்கப்புறம் என்னிடம் மட்டுமே பேசினார்.

முதல் சோதனையைக் கம்பெனிக்குள்ளேயே நடத்தினார். அதுதான் அவர் செய்த தவறு. பட்டாசு காயப் போடுகிற மேடையின் ஓரத்தில், கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே மஞ்சள் பொடி, தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை. சர்க்கரை கலந்தால்தான் ஹைட்ரஜன் மட்டும் தனியாக வருமாம். சித்திரை உச்சி வெயில். பெண்கள் எல்லாரும் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். புது ரகச் சக்கரத்துக்குப் பெயர் ஒப்புதல் வாங்க நானும் வந்திருந்தேன். தொட்டியையே முறைத்துக்கொண்டிருந்த வெயிலுகந்தார் திடீரென்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"குமிழி வந்துருச்சு. பொடியில குமிழி வந்துருச்சு."

அவர் சந்தோஷத்தில்தான் கத்தினார். ஆனால் பட்டாசுக் கம்பெனியில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த நிமிஷம் மரத்தடியில் தூக்குச்சட்டிகள் மட்டும்தான் இருந்தன. அறுபது பேர் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் நிற்கிறார்கள். முழங்கால் வலி என்று காலையில் விடுப்பு கேட்ட ஓர் அம்மாள் வேலியைத் தாண்டியதை நானே கண்ணால் பார்த்தேன். பார்த்தேன் என்றால், திரும்பிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் முதலில் ஓடியது நான்தான்.

உள்ளே அவர் ஒருவர் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தகவல் போய் முதலாளி காரில் வந்து இறங்கினார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. தன் கம்பெனியில் ஒரு உயிருக்கும் சேதம் வந்ததில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"சார், அங்கன என்ன நடக்குது?"

"குமிழி வருது அண்ணாச்சி."

"குமிழி வந்தா என்ன செய்யணும் சார்?"

வெயிலுகந்தார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சந்தோசப்படணும் அண்ணாச்சி" என்றார்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. வேலை போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இவரோ மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, குடோனுடைய மொட்டை மாடி சும்மாதானே கிடக்கிறது, அதைக் கொடுத்தால் பெரிய அளவில் செய்து காட்டுகிறேன் என்று கேட்டார். அண்ணாச்சி கோபப்படவில்லை. அந்தத் தீயில் சத்தம் வருமா என்று விசாரித்தார். வராது. கலர் இருக்குமா? இருக்காது. புகையாவது? சுத்தமாகக் கிடையாது. அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பி, "இதுக்கு ஒரு பேர் வைங்க தம்பி, பாப்போம்" என்றார். என் தொழில் வாழ்க்கையில் பெயர் கிடைக்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் அண்ணாச்சி ஒரு நிபந்தனை வைத்தார். அவருக்கு அச்சகமும் உண்டு. சிவகாசியில் வருகிற வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். அந்த நல்ல நாளில் காரியம் நடக்க வேண்டும் என்றார்.

"ஒரு டீ சார். உங்க வாயுல ஒரே ஒரு டீ கொதிக்க வச்சுக் காட்டுங்க. கொதிச்சா குடோன் மாடி பூரா உங்களுக்கு. கொதிக்கலைன்னா, பொடிய உங்க கையாலயே கழிவுக் குழியில கொட்டிரணும். அப்புறம் இந்தப் பேச்சே கூடாது."

வெயிலுகந்தார் சரி என்றார். ஆராய்ச்சியை விட்ட நாளிலிருந்து அவர் மனசுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தது இந்த ஒன்றைத்தான். இதுவும் போனால் மிச்ச வாழ்நாள் முழுக்க மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டே கழிக்க வேண்டியதுதான். எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

ஒரு சிக்கல். எங்கள் கம்பெனி வாசலில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவார்கள். எரிவதற்கென்றே பொருள் செய்கிற இடத்தில் ஒரு பொறி எரியக் கூடாது. டீகூட எதிரே இருக்கிற பாண்டியம்மாக்கா கடையிலிருந்து கேனில்தான் வரும். ஆகவே விஞ்ஞானம் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குக் குடிபோனது. கடையின் தகரக் கூரைமேல் கண்ணாடித் தொட்டி சரிவாக ஏறியது.

"என் அடுப்ப அணைக்கத்தான சாரு இம்புட்டுப் பாடுபடுறீக? பரவாயில்ல, வச்சுக்கங்க" என்று பாண்டியம்மாக்கா அனுமதி கொடுத்தது.

வாயுவை எதில் சேர்த்துவைப்பது என்பதில் முதல் அடி விழுந்தது. கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர்ப் பையில் பிடித்துவைத்தார். சாயங்காலம் புடைத்திருந்த பை மறுநாள் சாயங்காலம் தொய்ந்து கிடந்தது. ஹைட்ரஜன் ரப்பரிலேயே கசிந்து போய்விடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை, ஆசையில் மறந்துவிட்டார். கடைக்கு வந்தவர்களில் யாரோ உறிஞ்சிவிட்டார்கள் என்று பாண்டியம்மாக்கா இரண்டு பேரைச் சந்தேகப்பட்டு, அவர்களுக்கு இரண்டு நாள் டீயை நிறுத்தியது தனிக்கதை. அப்புறம் கடையின் பின்பக்கம் தண்ணீர் நிரம்பிய வேறொரு தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தார். குழாய் வழியாக வாயு சேரச் சேர கேன் மேலே எழும்பும். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் கேனில் மஞ்சளால் ஒரு கோடு போட்டுவிடும்.

ஆனி முழுக்க ஊருக்கே அதுதான் பேச்சு. லோடு ஏற்ற வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், எல்லாரும் டீ சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் கேனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்கள். கேன் எழும்புகிற வேகத்தைப் பார்த்தால் பொறுமைசாலிக்கே கண்ணீர் வரும். அதற்குள் சர்க்கரைக்கு எறும்பு வந்தது. ஆடி பிறந்ததும் காற்று கிளம்பி, ரோட்டுப் புழுதியெல்லாம் கண்ணாடிமேல் படிந்தது. வெயிலுகந்தார் மணிக்கு ஒரு தடவை ஏணியில் ஏறித் தன் சட்டையாலேயே துடைத்தார். மேகம் தட்டினால் சாப்பிட மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் வந்தார். என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன். ஆடிப்பெருக்கு வரைக்கும் மழை வேண்டாம் என்று கேட்டாராம். அக்கா தலையில் அடித்துக்கொண்டது.

"மாரியாத்தாகிட்டயே போயி மழை வேண்டாம்னு கேட்டுட்டு வந்துருக்கீக. நீங்க படிச்சவுகதான?"

அன்று சாயங்காலமே தூறல் போட்டது.

எப்படியோ ஆடிப்பெருக்கும் வந்தது, கேனும் அவர் நினைத்த உயரத்தைத் தொட்டது. ஐம்பது நாள் வெயில் அந்தக் கேனுக்குள் இருந்தது. அளவாக ஒரு டீக்குக் காணும், கூடக் கால் டீக்குக் காணாது என்று கணக்குப் போட்டுவைத்திருந்தார். மத்தியானம் ஆல்பம் பூஜையை முடித்துக்கொண்டு, சந்தனப் பொட்டு காயாமல் அண்ணாச்சி வந்தார். கூடவே நான்கைந்து பட்டாசு முதலாளிகள். உள்ளே வேலைக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டிருந்தார்கள், பெண்கள் எல்லாரும் ரோட்டோரம் கூடிவிட்டார்கள். கேனிலிருந்து வந்த குழாயின் நுனியில் ஒரு பித்தளை மூக்கு. பாண்டியம்மாக்கா ஒரு டீக்கான பாலும் தண்ணீரும் தூளும் சேர்த்த பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தயாராக நின்றது. வெயிலுகந்தார் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். 'பொக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்றையும் காணோம்.

"நமுத்துப் போச்சு" என்றார் ஒரு முதலாளி.

"எரியுது அண்ணாச்சி" என்றார் வெயிலுகந்தார்.

"எங்கன எரியுது?"

"இங்கனதான். சுத்தமான ஹைட்ரஜன் தீ வெயில்ல கண்ணுக்குத் தெரியாது."

சொன்னது யாரிடம்? எந்த உப்பைப் போட்டால் சிவப்பு வரும், எதைப் போட்டால் பச்சை வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்களிடம். தீ என்றால் ஊரே அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று பிழைப்பு நடத்துகிறவர்கள். கண்ணுக்குத் தெரியாத தீ என்றால் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? குனிந்து பார்த்தார்கள், பக்கவாட்டில் பார்த்தார்கள், ஒருவர் குடையை விரித்து நிழல் பிடித்துப் பார்த்தார். எரிகிறது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. பாத்திரத்தை வைக்கச் சொல்லி வெயிலுகந்தார் கெஞ்சுகிறார். தீயே தெரியாமல் எதன்மேல் வைப்பது என்று அக்கா அப்படியே நிற்கிறது. இந்த வழக்கை முடித்துவைக்க அண்ணாச்சி ஆள்காட்டி விரலை நீட்டினார்.

ஆயுள் முழுக்கப் பட்டாசுத் தொழிலில் இருந்தும் ஒரு கொப்புளம் படாத விரல் அது. "ஆத்தாடி" என்று அவர் கையை உதறிய பிறகுதான் அத்தனை பேருக்கும் தீ தெரிந்தது. அக்கா சட்டென்று பாத்திரத்தை வைத்தது. நான் கேனைப் பார்த்தேன். இவர்கள் வாதாடிய நேரத்தில் பாதிக்குமேல் எரிந்து தீர்ந்து, கேன் தண்ணீருக்குள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் டப்பென்று அடியைத் தொட்டது. பாத்திரத்தில் ஆவி மட்டும் லேசாகத் தெரிந்தது.

அக்கா டீயை வடிகட்டி கிளாசில் ஊற்றியது. கொதித்ததா இல்லையா என்று ஒருவர் குடித்துச் சொல்ல வேண்டும். விரலை நீர்ச்செம்பில் விட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி என்னைக் காட்டினார். நான் ஒரு வாய் குடித்தேன். ஆற்றிவைத்து மறந்துபோன டீயின் சூடு. நிமிர்ந்தால் வெயிலுகந்தார் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நிலாவைத் தொடும் என்று எழுதியவனுக்கு இது என்ன பிரமாதம்? நாக்கை வெளியே நீட்டி உஸ் உஸ் என்று காற்று வாங்கிவிட்டு, கொதிக்கிறது அண்ணாச்சி, நாக்கு வெந்துவிட்டது என்றேன். ரோட்டோரப் பெண்கள் பக்கமிருந்து கைதட்டல்கூடக் கேட்டது.

வெயிலுகந்தார் என் கையிலிருந்த கிளாசை வாங்கினார். பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அதில் விட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அம்பத்திரண்டு டிகிரிதான் அண்ணாச்சி. கொதிக்கல. லேபிள் சாருக்கு எம்மேல பிரியம், அதான் அப்படிச் சொல்றாரு."

நான் என் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே சம்பளம் வாங்காமல் சொன்னது அது ஒன்றுதான். அதையும் இந்த மனுஷன் தெர்மாமீட்டர் வைத்துக் கெடுத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அண்ணாச்சி தெர்மாமீட்டரை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, சொன்னது சொன்னதுதான் சார் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வியாபாரியின் வாக்கு, இரண்டு பக்கமும் மாறாது. அன்று சாயங்காலம் மஞ்சள் பொடியை வெயிலுகந்தாரே தூக்கிக்கொண்டுபோய், தண்ணீர் கிடக்கிற கழிவுக் குழியில் கொட்டினார். தொட்டியைக் கழுவிய சர்க்கரைத் தண்ணீரையும் அதிலேயே ஊற்றினார்.

மறுநாள் உச்சியில், குழியோரம் போன ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடி வந்தது. குழியில் குமிழி. வழக்கம்போல அறுபது பேரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள், விதி விதிதானே. ஆனால் இந்தத் தடவை கருவேலங்காட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "நம்ம சாரு பொடிதான், வேற ஒண்ணுமில்ல" என்று யாரோ சொல்வதும் கேட்டது. குழிக்குப் பக்கத்தில் அவர் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன், ஓடவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அன்று என் செருப்பு அறுந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் கூச்சத்தோடு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். எங்கோ வடக்கே குளிர் தேசத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், இதே பொடி வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், முதலாளியிடமிருந்து நற்சான்று வேண்டுமாம். அண்ணாச்சி விரலில் கட்டோடு உட்கார்ந்து எனக்குச் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன்.

"இவரு ஒரு டீயைக் கொதிக்க வைக்கப் பாத்தாரு, முடியல. முடியலைங்கிறத அவரேதான் சொன்னாரு. எங்க தொழில்ல ஒருத்தர் பொய்யாக் கையெழுத்துப் போட்டா பத்து உசிரு போயிரும். இவரு போட மாட்டாரு. அம்புட்டுத்தான். எழுதிக்கங்க."

இதையே நான் இங்கிலீஷில் எழுதி, தலைப்பில் பூவாணம் சீறுகிற எங்கள் கம்பெனித் தாளில் அடித்துக் கொடுத்தேன். ஒரு வரிகூட மிகைப்படுத்தவில்லை. கை பழகாததால் நாலு தடவை திருத்த வேண்டியிருந்தது. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இவரைக் கேட்ட முதல் கேள்வியே அந்த டீயைப் பற்றித்தானாம். எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார். வருஷத்தில் பாதி நாள் சூரியன் தலைகாட்டாத ஊர். அதனால் ஒரு பெட்டிக்குள் விளக்கைப் போட்டு, அதைத்தான் வெயில் என்று வைத்துக்கொண்டு சோதனை செய்கிறார்களாம். "கரண்டு செலவழிச்சு வெயில் உண்டாக்குறாக சார் இங்கன" என்று போனில் 'ச்சு' கொட்டினார்.

நானும் லேபிள் வேலையை விட்டுவிட்டு, இப்படி வாரம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு, ஏசி அறைக்குள் காலத்தை ஓட்டுகிறேன். சில நாள் மத்தியானம் போன் வரும். இங்கே உச்சிப் பொழுது, அங்கே அவர் பல் துலக்குகிற நேரம். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "லேபிள் சார், அங்கன வெயில் எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. நாற்காலியில் சாய்ந்தபடியே ஏதாவது சொல்லிவிடலாம். ஆனால் ஒரு தடவை தெர்மாமீட்டரில் மாட்டிக்கொண்டவன் நான். அதனால் போனும் கையுமாக மொட்டை மாடிக்கு ஏறி, வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வது.

போன வாரமும் கூப்பிட்டார். ஏறிப் போனேன். கத்திரி வெயில், தரையில் கால் வைக்க முடியவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து நான் திட்டித் தீர்த்த அதே வெயில், தெருத் தெருவாக, மாடி மாடியாக, கேட்பாரில்லாமல் கொட்டிக் கிடந்தது.

"நல்ல வெயில் சார்" என்றேன். "வீணாத்தான் போகுது."